இன்வெர்ட்டர் கோளாறா, யாராவது உள்ளே வந்திருக்கிறார்களா? அறிகுறிவாரியாகச் சோதிக்கும் முறை

ராத்திரி ஷிப்டில் பாய்லர்மேன் வாக்கிடாக்கியில் "அண்ணே, ஐடி பேன் தானா இறங்குது, அடுப்பு வாயில நெருப்பு வெளிய வருது" என்று கத்தினால் உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைக்காது. அந்த நேரத்துக்காகத்தான் இதை இப்போதே எழுதி வைக்கிறேன். ஐடி பேன் என்பது பாய்லர் அடுப்பிலிருந்து புகையை வெளியே இழுக்கும் காற்றாடி. நான் இங்கே சொல்லும் இன்வெர்ட்டர் வீட்டு பேட்டரிப் பெட்டி இல்லை, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி.

மலேசியாவில் தெலுக் இந்தானிலிருந்து ஊத்தான் மெலிந்தாங் போகும் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நான் சார்ஜ்மேன், அதாவது மின் வேலைக்குப் பொறுப்பாளர். பெரிதும் சிறிதுமாக 28 இன்வெர்ட்டர்கள் எங்கள் ஆலையில் ஓடுகின்றன. முன்பு ஒவ்வொன்றும் தனியாள். பானல் கதவில் உள்ள திருகைத் திருப்பினால் வேகம் கூடும், குறையும், அவ்வளவுதான். இன்று பாய்லர் காற்றாடி, குலையிலிருந்து பழத்தை உதிர்க்கும் திரெஷர் டிரம், பழத்தைப் பிழியும் பிரஸ், கன்வேயர், ஆற்றுத் தண்ணீர் பம்ப் எல்லாமே ஒரே கம்பியில் கோத்துக் கிடக்கின்றன. கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து மவுசை அழுத்தினால் வேகம் மாறுகிறது. காய் கொட்டும் மாதங்களில் இந்த வசதி இல்லாமல் சமாளிக்கவே முடியாது.

ஆனால் ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஆலைகளில் இன்வெர்ட்டர்கள் அதிகமாகப் பேசும் மொழி மோட்பஸ். 1979-இல் வந்தது. அப்போது இணையம் நம் வாழ்க்கையில் இல்லை. ஒரே தொழிற்சாலைக்குள் இரண்டு பெட்டிகள் பேசிக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது. கடவுச்சொல் கிடையாது, "நீ யார்" என்ற கேள்வியும் கிடையாது. "6-ஆம் கட்டளை, இந்த இடத்தில் இந்த எண்ணை எழுது" என்று கம்பியில் வந்தால் இன்வெர்ட்டர் எழுதிவிடும். இயந்திரங்களுக்குக் கட்டளையிடும் நம் பிஎல்சி கணினி அனுப்பியதா, வேறு யாராவது அனுப்பியதா என்று அதற்குத் தெரியாது. அதனால் இன்வெர்ட்டரின் செட்டிங் நேற்று எப்படி இருந்தது என்று நாம்தான் எழுதி வைத்திருக்க வேண்டும். பானல் கதவுக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கட்டும். கீழே சொல்லும் எல்லாச் சோதனைக்கும் அந்த நோட்டுதான் ஆதாரம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் ஐந்து நிமிடம்

ஆளும் இயந்திரமும் முதலில். ஐடி பேன் இறங்கினால் அடுப்புக்குள் அழுத்தம் ஏறி நெருப்பு வெளியே தள்ளும். அடுப்புக்குள் காற்றைத் தள்ளும் எஃப்டி பேனையும் எரிபொருள் ஊட்டுவதையும் உடனே நிறுத்துங்கள், கதவருகே யாரும் நிற்கக் கூடாது, ஒருவர் பாய்லர் டிரம்மின் தண்ணீர் மட்டத்தைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. மற்றது எல்லாம் அதற்கப்புறம்தான்.

பிறகு பானலில் உள்ள சுவிட்சை லோக்கலுக்கு, அதாவது பானலிலிருந்தே ஓட்டும் நிலைக்குத் திருப்புங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: சில பானல்களில் அந்தச் சுவிட்ச் கம்பி வழியாக நேராக இன்வெர்ட்டரோடு இணைந்திருக்கும். சிலவற்றில் அது பிஎல்சிக்கு ஒரு தகவல் மட்டும். பிஎல்சி சம்மதித்தால்தான் லோக்கல். உங்கள் பானல் எந்த வகை என்று இன்றைக்கே வரைபடத்தில் பார்த்து, கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

லோக்கலுக்கு வந்தபின் அந்த இன்வெர்ட்டரின் நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கலாம். அதற்கு முன்பே பிடுங்கினால், தொடர்பு அறுந்தபோது என்ன செய்ய வேண்டும் என்ற செட்டிங்படி அது சட்டென்று நிற்கலாம், அல்லது கடைசி வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டுமே ஆபத்தாக முடியக்கூடும்.

மின்சாரத்தை அணைத்துப் போட வேண்டாம். ரீசெட் பட்டனைத் தொட வேண்டாம். "ஃபேக்டரி செட்டிங்குக்குக் கொண்டுபோனால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முதலில் கைப்பேசியில் படம் எடுங்கள்: கீபேட் திரை, கோளாறு வரலாறு, ஓடிய மணிநேரக் கணக்கு, கண்ட்ரோல் ரூம் திரை, சுவரில் உள்ள கடிகாரம். இந்தப் படங்கள்தான் பிறகு சாட்சி.

வேகம் தானாக ஏறி இறங்குகிறது

அடிக்கடி வரும் புகார் இதுதான். பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. அதனால் சாதாரணத்திலிருந்தே தொடங்குங்கள்.

சிக்னல் வரும் 4-20 மில்லிஆம்பியர் கம்பியின் முனைகளை இறுக்கிப் பாருங்கள். அடுப்பின் இழுவையை அளக்கும் டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் குழாயில் கரி அடைத்திருந்தால் ஐடி பேன் ஏறி இறங்கி ஆடும். குழாயை ஊதிவிட்டாலே சரியாகும். மோட்பஸ் பேச்சு ஓடும் ஆர்எஸ்-485 கம்பியை மோட்டார் கம்பியோடு ஒரே தட்டில் போட்டிருக்கிறார்களா, இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். கொட்டையிலிருந்து பருப்பைப் பிரிக்கும் எங்கள் கெர்னல் நிலையத்தில் ஒரு காற்றாடி மூன்று வாரம் ஆட்டம் காட்டியது. கடைசியில் கம்பியின் உறை எர்த்திலிருந்து கழன்றிருந்ததுதான் காரணம்.

சரி, அதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று வையுங்கள். இப்போது வேகம் எப்படி மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். கம்பிக் கோளாறும் இரைச்சலும் எண்ணைக் கலக்கும்: 41.3, 40.8, 42.1 என்று அலையும். யாரோ எழுதிய கட்டளை குதிக்கும்: 44-இலிருந்து நேராக 20.00, அப்புறம் அங்கேயே நிற்கும். இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. எந்தப் பக்கம் தேடுவது என்று மட்டும் தெரியும்.

அடுத்து கீபேடில் இரண்டு செட்டிங்கைப் பாருங்கள். ஓட்டும் கட்டளை எங்கிருந்து வருகிறது? வேகக் கட்டளை எங்கிருந்து வருகிறது? நோட்டில் "டெர்மினல்" என்று எழுதியிருந்து, திரையில் "நெட்வொர்க்" என்று இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அது நம் ஆளாகவும் இருக்கலாம். போன ஷிப்டு சார்ஜ்மேனைத் தூக்கத்திலிருந்து எழுப்பியாவது கேளுங்கள்.

மாற்றம் எதுவும் இல்லை, வேகக் கட்டளை நெட்வொர்க்கிலிருந்துதான் வர வேண்டும் என்றால், பிஎல்சி என்ன அனுப்பியது என்று கண்ட்ரோல் ரூம் வரைபடத்தில் பாருங்கள். பிஎல்சி 44 அனுப்பியிருக்கிறது, இன்வெர்ட்டர் 20 வாங்கியிருக்கிறது என்றால் கம்பியில் மூன்றாவது ஆள் இருக்கிறான். ஆர்எஸ்-485 கம்பியில் கட்டளை கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். இரண்டாவது ஒருவர் நுழைந்தால் பேச்சு மோதிக்கொள்ளும், இன்வெர்ட்டரில் உள்ள தொடர்புப் பிழைக் கணக்கு விறுவிறுவென்று ஏறும். ஈதர்நெட்டில் அப்படி மோதாது. 502-ஆம் போர்ட்டில் ஒரே நேரத்தில் பலர் அமைதியாகப் பேசலாம். அங்கே கேட்வேயிலோ சுவிட்சிலோ யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்து, நோட்டில் எழுதியுள்ள முகவரிகளோடு ஒப்பிடுங்கள். நோட்டில் இல்லாத முகவரி ஒன்று இருந்தால், இனி இது மின்சாரக் கோளாறு மட்டுமில்லை. கடைசியில் சொல்லியிருக்கும் இடத்துக்கு போன் செய்யுங்கள்.

இது நடக்கிற காரியமா என்று எங்கள் எஞ்சினியர் ஒருமுறை கேட்டார். 2024 ஜனவரியில் உக்ரேனின் லிவிவ் நகரில் நடந்தது. வெப்பமூட்டும் அமைப்பின் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு மோட்பஸ் வழியாகத் தப்பான கட்டளை அனுப்பினார்கள். 600-க்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்கள் கடும் குளிரில் வெப்பம் இல்லாமல் கிடந்தன. நம் ஆலையில் உள்ள அதே மொழி, அதே மாதிரியான கட்டளை.

திரையில் ஒரு வேகம், இயந்திரத்தில் வேறொரு வேகம்

இந்த அறிகுறியைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன், ஏனென்றால் இது சத்தம் போடாது. கண்ட்ரோல் ரூமில் எல்லாம் பச்சை. ஆனால் தூக்கி எறியப்படும் வெற்றுக் குலையில் பழம் ஒட்டிக்கொண்டே போகிறது.

திரெஷர் டிரம்மை எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் சுற்றினால் குலை போதிய உயரம் ஏறி விழாது, பழம் உதிராது. வேகமாகச் சுற்றினால் குலை டிரம்மோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்தே சுற்றும், அப்போதும் உதிராது. 2 மீட்டர் விட்டமுள்ள டிரம்முக்கு அந்த எல்லை நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 சுற்று. 50 ஹெர்ட்ஸில் 23 சுற்று ஓடும் டிரம், 65 ஹெர்ட்ஸில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதிகபட்ச ஹெர்ட்ஸ் என்ற ஒரே ஒரு செட்டிங்கை 50-இலிருந்து 65 ஆக்கினால் போதும், ஒரு ராத்திரிப் பழம் முழுவதும் வீணாகப் போகும். எதுவும் உடையாது, எதுவும் ட்ரிப் ஆகாது, அதாவது கோளாறு என்று தானாக நிற்காது.

ஆகவே திரையை நம்பாமல் அளக்கப் பழகுங்கள். டிரம்மின் வெளி விளிம்பில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினாலே போதும். இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை, எந்த வைரஸாலும் அந்தக் கோட்டைத் தொட முடியாது. மோட்டாருக்கு, தண்டில் பளபளப்பு டேப் ஒட்டி டேக்கோமீட்டர் பிடியுங்கள். நான்கு போல் மோட்டார், பெயர்ப் பலகையில் 1475 என்று இருந்தால், 40 ஹெர்ட்ஸில் 1175-க்கும் 1200-க்கும் நடுவில் காட்ட வேண்டும். 1350 காட்டினால் திரை பொய் சொல்கிறது.

காற்றாடிக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. காற்றாடி வேகம் 20 சதவீதம் குறைந்தால் அது இழுக்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே இன்வெர்ட்டருக்குள் மின்சாரம் வரும் பக்கத்தில், ட்ரூ ஆர்எம்எஸ் உள்ள கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பாருங்கள். திரை 50 ஹெர்ட்ஸ் என்கிறது, ஆம்பியர் வழக்கத்தில் பாதிதான் என்றால், காற்று வழியை அடைக்கும் டாம்பரை யாரும் மூடாத பட்சத்தில், அந்தக் காற்றாடி 40-இல் ஓடிக்கொண்டிருக்கிறது. பானல் கதவில் இருக்கும் பழைய முள் ஆம்பியர் மீட்டர்களைக் கழற்றி எறியாதீர்கள் என்று நான் மேனேஜரிடம் மன்றாடியதற்குக் காரணம் இதுதான். அந்த முள்ளுக்கு நெட்வொர்க் கிடையாது.

2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினி வைரஸ் இன்வெர்ட்டர்களைத்தான் குறி வைத்தது. ஃபின்லாந்தின் வேகான், ஈரானின் ஃபராரோ பாயா என்ற இரண்டு கம்பெனிகளின் இன்வெர்ட்டர்கள் 807-க்கும் 1210 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் ஓடுகின்றனவா என்று பொறுமையாகக் கவனித்தது. பிறகு 1410 ஹெர்ட்ஸுக்கு ஏற்றியது, இன்னொரு முறை 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கியது, அப்புறம் 1064-க்குக் கொண்டுவந்தது. பிஎல்சிக்குள் தான் எழுதியிருந்த பகுதியை எஞ்சினியரின் கணினியில் தெரியாதபடி மறைத்தும் வைத்தது. அது பரவிய வழிகளில் ஒன்று யூஎஸ்பி பென்டிரைவ். எங்கள் கண்ட்ரோல் ரூம் கணினியில் ராத்திரி பாட்டுக் கேட்கப் பென்டிரைவ் செருகும் தம்பிகளிடம் நான் கோபப்படுவது இதை நினைத்துத்தான். பாட்டுக் கேட்க ஒரு சின்ன ரேடியோ வாங்கி வைத்துவிட்டேன்.

நிறுத்தும்போது ஒவ்வொரு முறையும் ட்ரிப் ஆகிறது

ஓவர்வோல்டேஜ் என்று காட்டினால் வேகம் குறையும் நேரத்தைப் பாருங்கள். 415 வோல்ட் இன்வெர்ட்டருக்குள் நேர்மின் அழுத்தம் சாதாரணமாக 560 வோல்ட் அளவில் இருக்கும். பெரிய காற்றாடியை 30 வினாடிக்குப் பதில் 2 வினாடியில் நிறுத்தச் சொன்னால் மோட்டார் மின்சாரத்தைத் திருப்பித் தள்ளி அதை 800 பக்கம் ஏற்றிவிடும். நேரத்தை யார் மாற்றினார்கள் என்று கேளுங்கள். உற்பத்தி நேரம் மிச்சமாகட்டும் என்று நம் ஆட்களே மாற்றியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நோட்டில் உள்ள எண்ணுக்குத் திருப்பி வைத்து, தேதியோடு எழுதுங்கள். அடுத்த வாரம் மறுபடி மாறியிருந்தால் மேலே சொன்ன முகவரிப் பட்டியல் சோதனைக்குப் போங்கள்.

மோட்டார் கொதிக்கிறது, ஆனால் ட்ரிப் ஆகவில்லை

முதலில் காற்றோட்டம். செம்பனை நாரும் தூசும் காற்றாடி மூடியை அடைத்துக்கொள்ளும். மோட்டார் நெடுநேரம் 20 ஹெர்ட்ஸில் ஓடினாலும் சூடாகும், ஏனென்றால் அதன் குளிர்விக்கும் இறக்கையும் அதே தண்டில் மெதுவாகத்தான் சுற்றுகிறது. பேரிங் சத்தத்தையும் மூன்று பேஸின் ஆம்பியரையும் பாருங்கள்.

அதெல்லாம் சரியாக இருந்தும் சூடு என்றால், "ஏன் ட்ரிப் ஆகவில்லை" என்ற கேள்விதான் முக்கியம். 30 கிலோவாட் மோட்டாரின் பலகையில் 55 ஆம்பியர் என்று இருக்கும். இன்வெர்ட்டரில் மோட்டார் ஆம்பியர் 75 என்று மாறியிருந்தால் அது காவல் காப்பதை நிறுத்திவிட்டது என்று பொருள். இன்னொன்று, வோல்ட்டுக்கும் ஹெர்ட்ஸுக்கும் உள்ள விகிதம். 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு ஒரு ஹெர்ட்ஸுக்கு 8.3 வோல்ட். அடிப்படை ஹெர்ட்ஸை யாராவது 30 ஆக்கிவிட்டால் 30 ஹெர்ட்ஸிலேயே முழு 415 வோல்ட் பாயும். இரும்பு அதைத் தாங்காமல் சூடேறும், காயில் வேகும். வெளியே இருந்து பார்த்தால் வேகம் சரியாகவே இருக்கும்.

மோட்டாரைக் கெடுக்க நினைப்பவன் வேகத்தைத் தொட மாட்டான், இந்த மாதிரி எண்ணைத்தான் தொடுவான். ஆகவே பெரிய மோட்டார்களில் காயிலுக்குள் தெர்மிஸ்டர் வைத்து, அதன் கம்பியைத் தனி ரிலேக்குக் கொண்டுபோய், அந்த ரிலே நேராக, மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டரை விடுவிக்கும்படி செய்யுங்கள். செட்டிங்கை எவ்வளவு மாற்றினாலும் அந்த ரிலே கேட்காது. பழைய ஆள் போட்ட தேவையில்லாத ரிலே என்று சொல்லி அதைக் கழற்றிய கான்ட்ராக்டரை நான் பார்த்திருக்கிறேன். அன்றே திருப்பி மாட்ட வைத்தேன்.

நிறுத்தினால் நிற்கவில்லை, அல்லது நிறுத்தியது தானாக ஓடுகிறது

இங்கே இயந்திரத்தைவிட ஆளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

திரையில் ஸ்டாப் அழுத்தி நிற்கவில்லை என்றால் உடனே அவசரப் பட்டனை அடியுங்கள். அந்தப் பட்டனின் கம்பி, மோட்டாரைச் சுற்ற விடாமல் தடுக்கும் இன்வெர்ட்டரின் எஸ்டிஓ டெர்மினலுக்கோ காண்டாக்டருக்கோ நேராகப் போக வேண்டும். பட்டன் பிஎல்சிக்குத் தகவல் சொல்ல, பிஎல்சி நெட்வொர்க்கில் "நில்" என்று சொல்லும் அமைப்பாக இருந்தால் அதை அவசரப் பட்டன் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐடி பேன் நின்றால் எஃப்டி பேனும் எரிபொருள் ஊட்டியும் நிற்க வேண்டும் என்ற இன்டர்லாக்கும் இப்படித்தான், கம்பியில் இருக்க வேண்டும்.

தானாக ஓடத் தொடங்கினால், ட்ரிப்புக்குப் பிறகு தானே மறுபடி ஓடு என்ற செட்டிங்கைப் பாருங்கள். கன்வேயர், பிரஸ், பழத்தைக் கிளறி மசிக்கும் டைஜெஸ்டர் எதிலும் அது இயங்கும் நிலையில் இருக்கக் கூடாது. டைஜெஸ்டருக்குள் இறங்கி கத்தி மாற்றும் ஃபிட்டர், திரையில் "ஸ்டாப்" என்று இருப்பதை நம்பி இறங்கக் கூடாது. ஐசோலேட்டரை இறக்கி, அவரவர் பூட்டு, அவரவர் அட்டை, சாவி அவரவர் சட்டைப் பையில். இன்வெர்ட்டரைத் திறப்பதானால் மூடியில் எழுதியுள்ள நிமிடங்கள் வரை காத்திருந்து, மீட்டர் வைத்து அளந்துவிட்டுத்தான் கை வையுங்கள். எஸ்டிஓ மோட்டாரைச் சுற்ற விடாது, ஆனால் உள்ளே மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

கீபேட் பூட்டிக் கிடக்கிறது

நாம் போட்ட கடவுச்சொல் வேலை செய்யவில்லை. பகல் ஷிப்டைக் கேளுங்கள், எஞ்சினியரைக் கேளுங்கள். யாரும் மாற்றவில்லை என்றால் உள்ளே வேறு எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டு, அந்த இன்வெர்ட்டரை நிறுத்தி, பைபாஸ் ஸ்டார்ட்டர் இருந்தால் அதில் ஓட்டுங்கள். தயாரித்த கம்பெனி வந்து பார்க்கும்வரை ரீசெட் வேண்டாம். கழற்றக்கூடிய கீபேடுகள் பலவற்றில் செட்டிங்கை நகலெடுக்கலாம். எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் நகலெடுத்து அந்தக் கீபேடை அலுவலகத்தில் பூட்டி வைத்திருந்தால் இந்த நாளில் உதவும். ப்ளூடூத் உள்ள கீபேடுகளில் அதை அணைத்தே வையுங்கள். பானலுக்கு வெளியே நிற்கும் லாரியில் இருந்துகூட ஒருவர் முயன்று பார்க்கலாம்.

கண்ட்ரோல் ரூம் கணினி முழுதும் பூட்டிப் பணம் கேட்கிறது

இன்வெர்ட்டருக்கு இதனால் நேரடிச் சேதம் இல்லை, கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். 2019 மார்ச்சில் நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ என்ற அலுமினியக் கம்பெனிக்கு இது நடந்தபோது பல ஆலைகளைக் கையால் ஓட்டினார்கள். நாமும் ஓட்டலாம், பழக்கம் இருந்தால். வருடத்துக்கு இரண்டு முறையாவது, காய் குறைந்த ஒரு நாளில், கண்ட்ரோல் ரூமை அணைத்துவிட்டு ஆலையை லோக்கலில் ஓட்டிப் பாருங்கள். முதல் முறை நாங்கள் செய்தபோது இரண்டு பிரஸ்களின் லோக்கல் பட்டனே வேலை செய்யவில்லை என்பது தெரிந்தது. ஒருவேளை அன்று கண்டுபிடிக்காமல் போயிருந்தால் அறுவடை உச்சத்தில் கண்டுபிடித்திருப்போம்.

கணினியை நெட்வொர்க்கிலிருந்து பிரியுங்கள், அணைக்க வேண்டாம். அலுவலகக் கணினிகளும் ஆலை நெட்வொர்க்கும் ஒரே சுவிட்சில் இருந்தால் நோய் அந்த வழியாக வந்திருக்கலாம். கிராணியின் கணினிக்கும் பாய்லர் இன்வெர்ட்டருக்கும் நடுவில் ஃபயர்வால் இருக்க வேண்டும். மேனேஜர் எண்ணெய்க் கணக்கைப் பார்க்கலாம், ஆனால் அந்த வழியில் எழுதும் கட்டளை எதுவும் உள்ளே போகக் கூடாது. மோட்பஸில் படிக்க மட்டும் விட்டு, எழுதும் கட்டளைகளான 6-ஐயும் 16-ஐயும் தடுக்கும் தொழிற்சாலை ஃபயர்வால்கள் இருக்கின்றன. ஐஇசி 62443 என்ற தரநிலை சொல்லும் பகுதி பிரித்தலும் இதுதான்: பாய்லர் ஒரு பகுதி, பிரஸ் ஒரு பகுதி, அலுவலகம் ஒரு பகுதி, நடுவில் காவலுள்ள வாசல்.

எந்தக் கோளாறும் இல்லை, ஆனால் பானலுக்குள் தெரியாத ஒரு பெட்டி

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், எங்களுக்கு உண்மையில் நடந்தது இதுதான்.

மூன்றாம் பிரஸ் சில ராத்திரிகளில் இரண்டு மணி வாக்கில் வேகம் குறைந்து, அரை மணி கழித்துப் பழையபடி ஏறும். நார் ஈரமாக வரும். காலையில் எண்ணெய் இழப்புக் கணக்கு ஏறியிருக்கும். கம்பி, ரெசிஸ்டர், சென்சார் எல்லாம் பார்த்துவிட்டோம். நான்காம் நாள் பிரஸ் பானலின் அடித்தட்டில், கம்பிகளுக்குப் பின்னால், சின்ன ஆன்டெனாவோடு ஒரு 4ஜி ரூட்டர் கண் சிமிட்டிக்கொண்டிருப்பதை எங்கள் ஒயர்மேன் தம்பி பார்த்தான். ஒரு வருடத்துக்கு முன் இன்வெர்ட்டர் பொருத்திய கம்பெனி வைத்துவிட்டுப் போனது. அவர்களுடைய ஆள் ஒருவர் வேறு ஊரில் இருந்துகொண்டு, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வேகத்தை "டியூன்" செய்து பார்த்திருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்த ரூட்டரின் கடவுச்சொல் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே சொல். அவர் நுழைந்த வாசலில் உலகத்தில் யாரும் நுழைந்திருக்கலாம். அன்று பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் யாராவது கம்பியால் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அலிக்விப்பா என்ற ஊரின் தண்ணீர் பம்ப் நிலையத்தில் இருந்த பிஎல்சிக்குள் வெளியாட்கள் நுழைந்தார்கள். ஆட்கள் கையால் ஓட்டித் தண்ணீரை நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த வகைக் கருவிகள் நேரடியாக இணையத்தில் இருந்தன. அவற்றுக்குத் தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல் 1111.

ஆகவே ஒரு நாள் ஒதுக்கி, டார்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பானலையும் திறந்து பாருங்கள். ஆன்டெனா, சிம் போட்ட பெட்டி, எதற்கென்று யாருக்கும் தெரியாத நெட்வொர்க் கம்பி, எல்லாவற்றுக்கும் உரிமையாளர் யார் என்று எழுதுங்கள். கம்பெனிக்கு வெளியிலிருந்து வேலை செய்ய வேண்டுமானால் செய்யட்டும். ரூட்டரின் மின்சாரத்துக்குச் சாவி போட்ட ஒரு சுவிட்ச் வையுங்கள். அவர்கள் போன் செய்ய வேண்டும், நாம் இயந்திரத்தருகே ஆள் இல்லை என்று பார்த்துச் சாவியைத் திருப்ப வேண்டும், வேலை முடிந்ததும் அணைக்க வேண்டும். எங்கள் ஆலையில் அந்தச் சாவி இப்போது ஷிப்டு சார்ஜ்மேனிடம் இருக்கிறது.

திருப்பிச் சரிசெய்வது, தெரிவிப்பது

செட்டிங்கைத் திருப்பும்போது நோட்டைப் பார்த்துக் கீபேடில் கையால் போடுங்கள். சந்தேகத்துக்குரிய லேப்டாப்பில் உள்ள நகலை ஏற்றினால் கெட்டதையே மறுபடி ஏற்றுவதாக முடியும். பிஎல்சி நிரலையும் நல்ல நகலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பிஎல்சியில் சாவி சுவிட்ச் இருந்தால் ரன் நிலையில் வைத்து சாவியை எடுத்துவிடுங்கள். 2017-இல் சவூதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் பாதுகாப்புக் கருவிக்குள் டிரைட்டன் என்ற தீய நிரலை எழுத முடிந்ததற்கு, அந்தச் சாவி புரோகிராம் நிலையிலேயே விடப்பட்டிருந்தது ஒரு காரணம்.

தெரிவிக்க: சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999, தொலைபேசி 1-300-88-2999. எண்ணைப் பானல் கதவில் ஒட்டுங்கள். 2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் உள்ள சைபர் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 854, முக்கியத் துறைகள் என்று 11 துறைகளைக் குறிக்கிறது. விவசாயமும் தோட்டத் தொழிலும் அதில் ஒன்று. உங்கள் கம்பெனி அந்தப் பட்டியலில் முறைப்படி அறிவிக்கப்பட்டிருந்தால், தாக்குதல் என்று தெரிந்த 6 மணி நேரத்துக்குள் முதல் தகவலைக் கொடுத்தாக வேண்டும். அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று மேனேஜரிடம் இந்த வாரமே கேட்டு வையுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு அதை யாரிடமும் கேட்க முடியாது.

நோட்டில் ஒவ்வொரு இன்வெர்ட்டருக்கும் ஒரு பக்கம். மோட்டார் பலகையில் உள்ள கிலோவாட், ஆம்பியர், சுற்று. ஓட்டும் கட்டளை எங்கிருந்து, வேகக் கட்டளை எங்கிருந்து. குறைந்தபட்ச, அதிகபட்ச, அடிப்படை ஹெர்ட்ஸ். ஏறும் நேரம், இறங்கும் நேரம். மோட்டார் ஆம்பியர் வரம்பு. தொடர்பு அறுந்தால் என்ன செய்யும். தானாக மறுபடி ஓடுமா. நெட்வொர்க் முகவரி. வழக்கமான சுமையில் உள்வரும் ஆம்பியர். எழுதியவர் கையெழுத்து, தேதி. இரண்டு பேர் சேர்ந்து செய்தால் ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆகும்: ஒருவர் கீபேடைப் படிக்கட்டும், ஒருவர் எழுதட்டும். லேப்டாப்பில் உள்ள கோப்பைப் பார்த்து எழுத வேண்டாம், இன்வெர்ட்டரின் முன்னால் நின்று எழுதுங்கள். முதல் பக்கம் ஐடி பேனுக்கு.